இருப்புப்பாதை ஓரம்: மாட்டுங்கா நிலையம்



மும்பையில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுள் மாட்டுங்கா என்ற பெயரைச் சொல்லாத குடும்பம் இராது. பண்டிகைக்கு வாழையிலை வாங்க, கல்யாணத்துக்குப் புடவை எடுக்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, கச்சேரி கேட்க, ஏதேனும் ஒன்றுக்காக நாம் எல்லோரும் ஒரு நாள் அந்நிலையத்தில் இறங்கியிருப்போம். ஆயினும் இறங்கிய நிலையத்தைப் பற்றி நாம் அறிந்தது எவ்வளவு? வண்டி வருகிறது, ஏறுகிறோம்; நிற்கிறது, இறங்குகிறோம். பழகியவர்களுக்கு அவ்வளவே போதும். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களின் நிலை வேறு. நிலையத்தின் வழக்கம் தெரியாததால் பொழுதையும் பணத்தையும் இழக்கிறவர்கள் பலர். உயிரையே இழக்கிறவர்களும் உண்டு. ஆகவே இத்திங்கள் மாட்டுங்கா நிலையத்தின் வரலாற்றையும், அங்கே நமக்குக் கிடைக்கும் வசதிகளையும் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பெயரும் பாதையும்

முற்காலத்தில் மாஹிமில் இருந்து ஆண்ட பீமதேவன் என்னும் மன்னன் தன் யானைகளை இவ்விடத்தில் கட்டியிருந்தான் என்றும், யானையைக் குறிக்கும் ‘மாதங்க’ என்ற சொல்லே மாட்டுங்கா என்று மருவியது என்றும் செவிவழிச் செய்தி ஒன்று உண்டு. மாதங்கம் என்றால் யானை என்று நம் நிகண்டுகளும் கூறுவதால், இப்பெயர் நமக்கு அத்தனை அந்நியமானதன்று.

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், போரிபந்தரிலிருந்து தானே வரை நாட்டின் முதல் பயணிகள் வண்டி ஓடிற்று. பதினான்கு பெட்டிகள், ஏறத்தாழ நானூறு விருந்தினர், இருபத்தொரு பீரங்கி முழக்கம். சாஹிப், சிந்து, சுல்தான் என்று பெயரிட்ட மூன்று எஞ்சின்கள் அதை இழுத்தன. அந்த 34 கிலோமீட்டர்ப் பாதை மாட்டுங்காவின் வயல்களையும் தென்னந்தோப்புகளையும் ஊடறுத்தே சென்றது. அன்று அங்கே ஊர் என்று சொல்லத்தக்கது மிகச் சிறிது.

நமக்கு இன்னும் நெருங்கிய ஆண்டு 1871. பம்பாயிலிருந்து தென்கிழக்கே சென்ற ஜி.ஐ.பி. ரயில்வேயின் பாதையும், சென்னையிலிருந்து வடமேற்கே வந்த மெட்ராஸ் ரயில்வேயின் பாதையும் அவ்வாண்டில் ராய்ச்சூரில் சந்தித்தன. சென்னையில் ஏறியவன் பம்பாயில் இறங்கலாம் என்ற நிலை அன்றுதான் பிறந்தது. நம் முன்னோர் ஒரு தகரப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளுமாக இந்நகருக்கு வந்த வழி அதுவே.

1925ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் விக்டோரியா டெர்மினஸிலிருந்து துறைமுகப் பாதை வழியே குர்லா வரை, நாட்டின் முதல் மின்சார வண்டி ஓடத் தொடங்கிற்று. அதனைத் தொடர்ந்து மாட்டுங்கா வழியே செல்லும் மெயின் லைனும் மின்மயமாயிற்று. 1951 நவம்பர் 5ஆம் நாள் ஜி.ஐ.பி. உள்ளிட்ட ரயில்வேக்கள் ஒன்றிணைந்து மத்திய ரயில்வே ஆயின. தொடக்கத்தில் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடிய வண்டிகள், 2015ஆம் ஆண்டு ஜூன் திங்களோடு மெயின் லைனில் 25,000 வோல்ட் மாறுமின்சாரத்துக்கு முற்றிலும் மாறிவிட்டன. நிலையத்தை அடுத்துள்ள பெரிய தொழிற்சாலை 1915இல் ஜி.ஐ.பி. ரயில்வே நிறுவியது. நாம் அன்றாடம் ஏறும் உள்ளூர் வண்டிப் பெட்டிகள் அங்கேதான் குறித்த காலங்களில் பிரித்துப் பார்க்கப்பட்டுச் செப்பனிடப்படுகின்றன.

நம்மவர் இங்கு வந்த காரணம்

1896இல் பம்பாயைப் பிளேக் நோய் பற்றிக்கொண்டது. காற்றும் வெளிச்சமும் புகாத சால்களில் மக்கள் ஈசல்போல் மடிந்தனர். நகரை விரிவாக்கினாலொழிய விமோசனம் இல்லை என்று கண்ட அரசு, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு ஒன்றை அமைத்தது. தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் ஆகிய இடங்களில் அகன்ற வீதிகளும் தோட்டங்களுமாகப் புதிய குடியிருப்புகளை வகுத்தவர்கள் அந்த டிரஸ்டார்தான். 1920களிலும் 1930களிலும் அங்கே வீடுகள் எழும்பின. கோட்டைப் பகுதியின் அலுவலகங்களிலும், ரயில்வே கணக்குப் பிரிவுகளிலும் வேலைக்கு அமர்ந்த தென்னாட்டுக் குமாஸ்தாக்கள் வாடகைக்கு வீடு தேடியபோது, மாட்டுங்கா அவர்களுக்கு ஏற்றதாக அமைந்தது. வீட்டிலிருந்து நடந்தால் நிலையம். வண்டி ஏறினால் அலுவலகம்.

பின்னர் ஒவ்வொன்றாக வந்தன. தென்னிந்தியக் கல்விக் கழகம் 1932இல் தோன்றிற்று. நிலையத்தின் வாசலை ஒட்டி ராம நாயக்கரின் உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங் 1942இல் இலை போடத் தொடங்கியது. ரூயா கல்லூரி 1937இலும் போதார் கல்லூரி 1941இலும் ஏற்பட்டு மாணவர் கூட்டத்தைக் கொணர்ந்தன. 1952இல் தொடங்கிய ஷண்முகானந்த சபை 1963இல் தன் பெரிய அரங்கைத் திறந்தது. 1990இல் தீக்கிரையான அவ்வரங்கு 1998இல் மீண்டும் எழுந்தது. இன்றும் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் மல்லிகைச் சரமும், காப்பிக்கொட்டை வறுக்கும் மணமும் ஒருசேர நம்மை வரவேற்கின்றன.

ஆனால் மாட்டுங்கா என்றால் கிழக்குப் பக்கம் மட்டும் என்று எண்ணிவிடலாகாது. மத்திய ரயில்வேக்கும் மேற்கு ரயில்வேக்கும் நடுவே முக்கோணமாக அமைந்தது தாராவி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோல் பதனிடும் தொழிலுக்கென்று நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர்கள் அங்கே வேர் ஊன்றினர். அத்தாராவியில் தமிழர் நிறைந்து வாழும் பகுதி ஒன்றுக்கு இன்றும் மாட்டுங்கா லேபர் கேம்ப் என்றே பெயர். கணக்கெழுத வந்தவரும் தோல் பதனிட வந்தவரும் ஒரே பெயருள்ள இடத்தில், பாதைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாழ்ந்தார்கள். வீடுகள் வெவ்வேறு, ஏறிய வண்டி ஒன்று. 1966இல் சிவசேனை தோன்றியபின் தென்னாட்டாருக்கு எதிராகக் கிளர்ச்சி எழுந்து, நகரின் உடுப்பி உணவகங்கள் சில தாக்கப்பட்ட நாள்களிலும், காலை வண்டியில் எல்லோரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போய் வந்தார்கள்.

மூன்று நிலையங்கள்

புதிதாக வருகிறவர்களை முதலில் குழப்புவது பெயர். மத்திய ரயில்வே மெயின் லைனில் தாதருக்கும் சயானுக்கும் இடையே உள்ளது மாட்டுங்கா. மேற்கு ரயில்வேயில் தாதருக்கும் மாஹிமுக்கும் இடையே உள்ளது மாட்டுங்கா ரோடு. துறைமுகப் பாதையில் வடாலாவுக்கும் மாஹிமுக்கும் இடையே உள்ளது கிங்ஸ் சர்க்கிள். மூன்றும் நடந்து சேரும் தொலைவில் இருந்தாலும், மூன்றும் வெவ்வேறு நிலையங்கள், வெவ்வேறு வண்டிகள். முதலிரண்டு நிலையங்களுக்கும் இடையே, இசட் பிரிட்ஜ் என்று ஊரார் அழைக்கும் வளைந்த நடைமேம்பாலம் ஒன்று உண்டு.

சில திங்களுக்கு முன்னர், நான் டிக்கட் கொடுக்கும் ஜன்னலில் அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் வந்து நின்றார். நான் தமிழன் என்பதைப் பின்னால் நின்றவர் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“தம்பி, மாட்டுங்காவுக்கு ஒரு சீட்டு குடுங்க. ஒரு தடவை போயிட்டுத்தான் வாறேன். மவன் வரலை” என்றார்.

திருநெல்வேலி வண்டியில் தாதரில் வந்து இறங்கியவர். மகனுக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை. ‘மாட்டுங்காவில் இறங்கு, வாசலில் நிற்கிறேன்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அவன் நின்றது மாட்டுங்கா ரோடு வாசலில். தாயார் இரண்டு மணி நேரம் காத்திருந்தது மாட்டுங்கா வாசலில். கைப்பேசியும் அணைந்து போயிற்று. சீட்டின் பின்புறத்தில் எழுதியிருந்த எண்ணுக்கு நான் பேசினேன். மகன் அரைமணியில் வந்து சேர்ந்தார். அதுவரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மையார், சாவகாசமாக வேறொரு செய்தி சொன்னார்:

“அங்கன நாலு பேரு தண்டவாளத்துல எறங்கி அந்தப் பக்கம் போனாவ, தம்பி. அந்த வழியாப் போனா மவன் இருப்பானோன்னு நானும் எறங்கத்தான் பாத்தேன். பொடவை தடுக்குமேன்னு நின்னுட்டேன்.”

அதைக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. அவர் இன்று பேரனோடு சுகமாக இருக்கிறார். ‘மாட்டுங்கா ரோடு’ என்று ஒரு சொல் கூட்டிச் சொல்லியிருந்தால் அன்று அந்த ஆபத்தே நேர்ந்திராது. ஆகவே விருந்தினருக்கு வழி சொல்லும்போது நிலையத்தின் முழுப் பெயர், ரயில்வேயின் பெயர், கிழக்கு வாசலா மேற்கு வாசலா என்ற மூன்றையும் சொல்லுங்கள். தாளில் எழுதியும் கொடுங்கள். தாதரில் இறங்குகிறவர்களுக்கு மேலும் ஒரு குறிப்பு: 2023 டிசம்பர் முதல் அங்கே பிளாட்பார எண்கள் மாறிவிட்டன. மேற்கு ரயில்வேக்கு 1 முதல் 7 வரை, மத்திய ரயில்வேக்கு 8 முதல் 14 வரை. முன்னர் இரண்டு பக்கத்திலும் ஒன்றாம் எண் இருந்தது. பழைய நினைவில் வழி சொன்னால் தவறாகப் போகும்.

பலகையைப் படிக்கும் விதம்

நிலையத்துப் பெயர்ப் பலகையும் அறிவிப்பும் மராத்தி, இந்தி, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளில் உள்ளன. மின்பலகையிலோ இடம் சிறிதாகையால் ஊரின் பெயருக்கு ஆங்கில எழுத்துக் குறி ஒன்றே வரும். மெயின் லைனில் ‘கே’ என்றால் கல்யாண், ‘டி’ என்றால் தானே, ‘சி’ என்றால் குர்லா, ‘ஏ’ என்றால் அம்பர்நாத், ‘பி.எல்.’ என்றால் பத்லாபூர். ‘என்’ என்றால் கசாரா. ‘எஸ்’ என்றால் கர்ஜத். ஊர்க் குறியை அடுத்து நேரமும், வண்டியின் வகையைக் காட்டும் எழுத்தும் வரும். அங்கே ‘எஃப்’ என்றால் விரைவு வண்டி. ‘எஸ்’ என்றால் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டி. ஒரே ‘எஸ்’ ஊரின் இடத்தில் வந்தால் கர்ஜத்தையும், வகையின் இடத்தில் வந்தால் மெதுவண்டியையும் குறிக்கும் என்பதை மனத்தில் இருத்துக.

மாட்டுங்காவில் வழக்கமாக நிற்பவை மெதுவண்டிகளே. விரைவு வண்டிகள் தாதரை விட்டால் குர்லாவில்தான் நிற்கும். விரைவு வண்டியில் வருகிறவர்கள் தாதரில் இறங்கி, மெதுவண்டிக்கு மாற வேண்டும்.

பல ஞாயிற்றுக்கிழமைகளில் பராமரிப்பு வேலைக்காக ஏறத்தாழ முற்பகல் பதினொரு மணியிலிருந்து பிற்பகல் நான்கு மணி வரை மாட்டுங்காவுக்கும் முலுண்டுக்கும் இடையே ‘மெகா பிளாக்’ அறிவிக்கப்படும். மெதுப்பாதை மூடப்பட்டால், மெதுவண்டிகள் மாட்டுங்காவில் விரைவுப் பாதைக்கு மாற்றப்படும். அப்பொழுது வித்யாவிஹார், காஞ்சூர்மார்க், நாஹூர் ஆகிய நிலையங்களில் வண்டி நிற்காது. ஞாயிறன்று நிச்சயதார்த்தம், வளைகாப்பு என்று அழைப்பு அனுப்புகிறவர்கள் சனிக்கிழமைச் செய்தித்தாளை ஒரு முறை பார்த்துவிட்டு நேரம் சொன்னால், விருந்தினர் வெயிலில் வாடார்.

பிளாட்பாரத்துத் தூண்களில் தீட்டியுள்ள சாய்ந்த வண்ணக் கோடுகள், முதல் வகுப்புப் பெட்டியும் மகளிர் பெட்டியும் வந்து நிற்கும் இடங்களைக் காட்டுகின்றன. வண்டி நிற்பது அரை நிமிடத்துக்கும் குறைவு. ஏறுமிடம் அறிந்து முன்னமே நின்றால், குழந்தையோடு ஓட வேண்டியதில்லை. மாற்றுத் திறனாளிகளுக்கும் சுமைகளுக்கும் தனிப் பெட்டிகள் உண்டு.

சீட்டும் சிக்கனமும்

உள்ளூர் வண்டிக்கு ஒருவழிச் சீட்டு வாங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும். காலையில் வாங்கி மடியில் முடிந்துகொண்டு மாலையில் ஏறினால், அது சீட்டில்லாப் பயணமே.

நாள்தோறும் போகிறவர்களுக்குச் சீசன் டிக்கட்டே சிக்கனம். இரண்டாம் வகுப்பு மாதச் சீட்டின் விலை ஏறத்தாழப் பதினைந்து ஒருவழிப் பயணங்களின் கட்டணத்துக்குச் சமம். மாதம் இருபத்தைந்து நாள் வேலைக்குப் போய் வருகிறவர் ஐம்பது பயணம் செய்கிறார், கொடுப்பதோ பதினைந்துக்கு. காலாண்டுச் சீட்டு மாதச் சீட்டைப் போல் 2.7 மடங்கு, அரையாண்டுக்கு 5.4 மடங்கு, ஓராண்டுக்கு 10.8 மடங்கு. அதாவது ஆண்டுச் சீட்டு வாங்குகிறவருக்கு ஒரு மாதத்துக்கு மேல் இலாபம். பள்ளி கல்லூரி மாணவர்க்குக் கல்விக்கூடத்தின் சான்றிதழ் காட்டினால் மாத, காலாண்டுச் சீட்டுகளில் பாதிக் கட்டணம். அட்டவணை வகுப்பு, பழங்குடி மாணவர்க்கு அதனினும் மிகுந்த சலுகை. இதைக் கேட்டு வாங்காத குடும்பங்கள் நம்மில் பல. ஜன்னலில் கேட்பதற்குக் கூச்சம் வேண்டா.

வண்டியில் பொருளைத் தவறவிட்டால் உடனே நிலைய அதிகாரியிடம் சொல்லுங்கள். எந்த வண்டி, எத்தனையாவது பெட்டி, எந்நேரம் என்று சொல்லத் தெரிந்தால், முன்னே உள்ள நிலையத்துக்குச் செய்தி சொல்ல முடியும். ஆபத்துக்கும் முறையீட்டுக்கும் 139. தொலைந்த குழந்தைக்கு 1098. இவ்விரண்டு எண்களையும் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

மகளிர் நடத்தும் நிலையம்

2017 ஜூலையில் மத்திய ரயில்வே மாட்டுங்கா நிலையத்தின் பணிகள் அனைத்தையும் பெண்களிடம் ஒப்படைத்தது. நிலைய மேலாளர் முதல் டிக்கட் ஜன்னல், சீட்டுப் பரிசோதனை, அறிவிப்பு, பாதுகாப்பு வரை எல்லாரும் பெண்களே. நாட்டில் அவ்வாறு அமைந்த முதல் புறநகர் நிலையம் அது. லிம்கா சாதனை நூலின் 2018ஆம் ஆண்டுப் பதிப்பிலும் இடம் பெற்றது. கூட்டமும் அவசரமும் நிறைந்த நிலையத்தைப் பெண்களால் நடத்த இயலுமா என்று அன்று ஐயுற்றவர்கள் உண்டு. வண்டிகள் ஓடி, அந்த ஐயத்தைத் தீர்த்தன.

நம் வீட்டுப் பெண்களைப் பெற்றவர்களுக்கு ஒன்று சொல்வேன். ரயில்வே தேர்வு வாரியம் நடத்தும் குமாஸ்தா வேலைகளில் பலவற்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கடைநிலை வேலைகளுக்குப் பத்தாம் வகுப்பே போதும். வினாத்தாள் மொழிகளுள் தமிழும் ஒன்று. விண்ணப்பத்தில் தமிழைக் குறித்தால், மும்பையில் இருந்துகொண்டே தமிழில் எழுதலாம். மராத்தியிலோ இந்தியிலோ எழுத வேண்டும் என்று எண்ணி விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

இறுதியாக

மும்பையின் புறநகர் ரயில் பாதைகளில் 2023, 2024 ஆகிய ஒவ்வோர் ஆண்டிலும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்தவர்கள். மாட்டுங்கா போன்ற நிலையத்தில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். மெதுவண்டி நிற்கும் இரைச்சலில், பக்கத்துப் பாதையில் நிற்காமல் பாய்ந்து வரும் விரைவு வண்டியின் ஒலி காதில் விழாது. நிற்கிற வண்டி அதைக் கண்ணுக்கும் மறைக்கும். ஓட்டுநர் கண்டு பிரேக் போட்டாலும், பல நூறு அடி தள்ளித்தான் நிறுத்த முடியும். ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு இக்குற்றத்துக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. அபராதம் கட்டிவிட்டுப் போகலாம். போன உயிரை எங்கே போய்க் கேட்பது? பாலத்தில் ஏறி இறங்க ஆகும் நேரம் மூன்று நிமிடம்.

கடக்கிறவர்களுள் பலர் துணிச்சல்காரர்கள் அல்லர். முன்னே போகிறவர்களைப் பார்த்துப் பின்னே போகிறவர்கள். ஊரில் ஒற்றைத் தண்டவாளமும், நாளைக்கு நாலு வண்டியும் கண்டு பழகியவர்களுக்கு, இங்கே மூன்று நிமிடத்துக்கு ஒரு வண்டி வரும் என்பது யாரேனும் சொன்னாலன்றித் தெரியாது.

ஆதலால் அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டுக்கு ஊரிலிருந்து தம்பியோ, மருமகளோ, மாமியாரோ புதிதாக வந்தால், அடுத்த விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி அவரை உங்கள் நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். டிக்கட் ஜன்னலைக் காட்டுங்கள். பலகையைப் படிக்கச் சொல்லிக் கொடுங்கள். மகளிர் பெட்டி நிற்கும் தூணைக் காட்டுங்கள். பிறகு பாலத்தின் மேல் ஏறி நின்று, கீழே ஒரு விரைவு வண்டி போவதைக் காணச் செய்யுங்கள். அதன் வேகத்தை மேலிருந்து ஒரு முறை கண்டவர் தண்டவாளத்தில் இறங்க அஞ்சுவார்.

வரும் திங்கள் சயான் நிலையம் குறித்து எழுத எண்ணியிருக்கிறேன். சீட்டு, சலுகை முதலியவை பற்றி ஐயம் உள்ளவர்கள் சங்க அலுவலகத்துக்கு எழுதினால், அறிந்த அளவில் இப்பகுதியில் விடையளிப்பேன்.